ரயில் வந்த காலத்து அமெரிக்க நிலப் பத்திரங்கள்: பெரிய கையெழுத்தா, முழுப் பத்திரமா?

செங்கல்சூளை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே நாணயம், தபால்தலை, பழைய வரைபடம் என்று பலரும் எழுதுவதை வெகுநாளாகப் படித்துவருகிறேன். இழை தொடங்குவது இப்போதுதான்.

சிகாகோ பக்கம் இருக்கிறேன். வேலைக்குப் போகும் ரயில் பாதை பழைய இல்லினாய் சென்ட்ரல் கம்பெனி போட்டது. அதைப் பற்றிப் படிக்கப் போய், அந்தப் பாதையை ஒட்டி 1850, 60களில் கைமாறிய நிலங்களின் அசல் பத்திரங்கள் இன்னமும் ஏலத்துக்கு வருகின்றன என்று தெரிந்துகொண்டேன். அடுத்த வாரம் ஓர் ஏலத்தில் இரண்டு உருப்படிகள் வருகின்றன.

ஒன்று, ஐயோவாவில் ஒரு குடியானவருக்கு அரசு கொடுத்த 1862ஆம் வருடத்து நிலப் பட்டா. அடியில் ‘ஆபிரகாம் லிங்கன்’ என்று மையில் எழுதியிருக்கிறது. தொடக்க விலையே என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டுகிறது.

இன்னொன்று, இல்லினாயில் லாசால் கவுண்டியைச் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) சேர்ந்த 1867ஆம் வருடத்து விற்பனைப் பத்திரம். விற்றவர்கள் கணவனும் மனைவியும், வாங்கியவர் ஒரு விவசாயி. யாரும் பேர் பெற்றவர்கள் இல்லை. 800 டாலருக்கு 40 ஏக்கர். ஓரத்தில் ஒரு வருவாய் ஸ்டாம்ப் ஒட்டியிருக்கிறது. மனைவி கையெழுத்துப் போடவில்லை, பெருக்கல் குறி மாதிரி ஒரு கோடு இழுத்திருக்கிறார். விலை மிகவும் குறைவு.

இரண்டில் எதற்குப் போகலாம்? கையெழுத்து உள்ள பத்திரம் என்றால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

மைக்கூடு எழுதியது:

முதல் உருப்படியை விட்டுவிடுங்கள். பட்டா அசல்தான், போலி என்று சொல்லமாட்டேன். ஆனால் அதில் லிங்கனின் கை படவில்லை.

அரசு நிலத்தை முதன்முதலாகத் தனியாருக்குக் கொடுக்கும் பட்டாக்களில் ஆரம்ப காலத்தில் ஜனாதிபதியே கையெழுத்துப் போட்டார். மேற்கே நிலம் விற்க விற்க, ஆயிரக்கணக்கான பட்டாக்கள் கையெழுத்துக்காக மேசையில் குவிந்து கிடந்தன. அதனால் 1833 மார்ச் 2 அன்று ஒரு சட்டம் வந்தது. ஜனாதிபதியின் பெயரை அவருக்குப் பதிலாக எழுதுவதற்கென்றே ஒரு செயலாளரை வைத்துக்கொள்ளலாம் என்றது அது. அதன்பிறகு வந்த பட்டாக்களில் ஜனாதிபதி பெயரும் செயலாளர் கையில், அதற்குக் கீழே ‘இன்னார், செயலாளர்’ என்பதும் அதே கையில். வான் பியூரன் காலத்தில் அவருடைய மகனே அந்த வேலையைப் பார்த்தார். லிங்கன் காலத்தில் வில்லியம் ஸ்டாடர்ட். உங்கள் ஏலப் படத்தில் லிங்கன் பெயருக்குக் கீழே இருக்கும் வரியைப் பெரிதாக்கிப் பாருங்கள். 1862 பட்டாவில் ஸ்டாடர்ட் பெயர் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அந்தக் கையையும் மேலே உள்ள ‘லிங்கன்’ கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சொல்லவே வேண்டாம்.

விற்பவர் ‘லிங்கன் கையெழுத்திட்டது’ என்று எழுதியிருக்கிறாரா, ‘லிங்கன் பெயரில் வழங்கியது’ என்று எழுதியிருக்கிறாரா என்று கவனியுங்கள். பின்னது என்றால் நேர்மையானவர், விலைதான் நேர்மையாக இல்லை.

ஜனாதிபதி கையெழுத்துத்தான் வேண்டும், ரயில் காலமாகவும் இருக்க வேண்டும் என்றால் அதற்கும் ஒரு குறுகிய இடைவெளி இருக்கிறது. பால்டிமோர் - ஒகாயோ ரயில் கம்பெனிக்கு 1827 பிப்ரவரியில் அனுமதி கிடைத்தது. 1828 ஜூலை 4 அன்று சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் கடைசியாக உயிரோடு இருந்த சார்லஸ் கேரல், 90 வயதில், அதற்கு அடிக்கல் வைத்தார். அதே நாளில் ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸ் போட்டிக் கம்பெனியான செசபீக் - ஒகாயோ கால்வாய்க்கு மண் வெட்டித் தொடங்கிவைத்தார். அந்த 1827க்கும் 1833க்கும் நடுவில் ஆடம்ஸும் ஆண்ட்ரூ ஜாக்சனும் தோல் தாளில் தங்கள் கையாலேயே போட்ட பட்டாக்கள் சந்தைக்கு வருகின்றன. லிங்கன் பெயருக்கு இருக்கும் மோகம் ஆடம்ஸ் பெயருக்கு இல்லை என்பதால் அசல் கையெழுத்தே நியாயமான விலைக்குக் கிடைப்பதும் உண்டு.

செங்கல்சூளை எழுதியது:

பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்டாடர்ட் பெயர்தான் இருக்கிறது! இரண்டு பெயரிலும் ஒரே சாய்வு, ஒரே மை. மிக்க நன்றி மைக்கூடு.

அப்படியென்றால் லிங்கன் கையெழுத்துப் போட்ட ரயில் பத்திரமே கிடையாதா? அவர் இல்லினாய் சென்ட்ரலுக்கு வக்கீலாக இருந்தவர் ஆயிற்றே?

மைக்கூடு எழுதியது:

வக்கீலாக இருந்தார், சரி. மெக்லீன் கவுண்டி அந்தக் கம்பெனிக்கு வரி போட்டபோது மாநில உச்ச நீதிமன்றத்தில் கம்பெனிக்காக வாதாடி ஜெயித்தார். அப்புறம் தன் கட்டணமான 5,000 டாலருக்காக 1857இல் அதே கம்பெனி மேல் வழக்குப் போட்டு வாங்கினார். அந்தக் காலத்து வழக்கு மனுக்கள், குறிப்புகள் அவர் கையில் எழுதியவை உண்டு. அவற்றில் அநேகம் இன்று அருங்காட்சியகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் இருக்கின்றன.

தனியார் கையில் சுற்றும் ‘லிங்கன் வக்கீல் தாள்’ என்றால் நான் முதலில் நினைப்பது ஜோசப் கோசியை. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் லிங்கன் கையெழுத்தைப் போலி செய்தே பிழைத்தவர் அவர். பழைய தாளைத் தேடிப் பிடித்து, பழுப்பு மையில் எழுதுவார். அவருடைய போலிகள் இன்றும் அசல் என்ற பெயரில் வந்துபோகின்றன. நிபுணர் சான்று இல்லாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

சங்கிலிக்காரர் எழுதியது:

தம்பி செங்கல்சூளை, நான் நம் ஊரில் சர்வே துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது ஒகாயோவில் மகள் வீட்டில் இருக்கிறேன். அந்த 1867 பத்திரத்தின் படம் இருந்தால் நிலவிவரம் எழுதியிருக்கும் பத்தியை அப்படியே இங்கே போடுங்கள். கையெழுத்து யாருடையது என்பதைவிட நிலம் எங்கே கிடக்கிறது என்பதில்தான் எனக்கு ஆர்வம்.

செங்கல்சூளை எழுதியது:

ஐயா, எழுத்து கொஞ்சம் சிக்கலாக இருக்கிறது. எனக்குப் புரிந்த அளவில்: ‘18ஆம் செக்‌ஷனில் தென்மேற்குக் கால் பாகத்தின் வடகிழக்குக் கால் பாகம்’, பிறகு டவுன்ஷிப் எண், ரேஞ்ச் எண், ‘மூன்றாவது பிரதான மெரிடியனுக்குக் கிழக்கே’, ‘40 ஏக்கர்’. கடைசியில் ‘இல்லினாய் சென்ட்ரல் ரயில் பாதைக்கு உள்ள 200 அடி நீங்கலாக’.

சங்கிலிக்காரர் எழுதியது:

அருமையான பத்தி. பின்னால் இருந்து முன்னால் படிக்க வேண்டும்.

மெரிடியன் என்பது தொடக்கக் கோடு. 1785 நிலச் சட்டத்தின்படி, அங்கிருந்து 6 மைலுக்கு 6 மைல் கட்டமாக நாட்டைப் பிரித்தார்கள். அதுதான் டவுன்ஷிப். ரேஞ்ச் எண் என்பது மெரிடியனில் இருந்து கிழக்கே அல்லது மேற்கே அது எத்தனையாவது கட்டம் என்பது. ஒவ்வொன்றிலும் 36 செக்‌ஷன். ஒரு செக்‌ஷன் ஒரு சதுர மைல், 640 ஏக்கர். கால் பாகம் 160, அதில் கால் 40. கணக்கு சரியாக வருகிறது.

எண் போடும் முறைதான் அழகு. வடகிழக்கு மூலையில் 1 தொடங்கி மேற்கே 6 வரை போகும். அதற்குக் கீழ் வரிசை மேற்கில் 7 தொடங்கிக் கிழக்கே 12. மூன்றாவது வரிசை மறுபடி கிழக்கில் 13 தொடங்கி மேற்கே 18இல் முடியும். ஏர் ஓட்டும்போது சாலின் கடைசியில் மாட்டைத் திருப்பிக்கொண்டு வருவோமே, அதே போக்கு. ஆகவே உங்கள் 18ஆம் செக்‌ஷன் டவுன்ஷிப்பின் மேற்கு ஓரம்.

மேற்கு ஓரச் செக்‌ஷன் என்றதும் ஒரு சர்வேயருக்குச் சந்தேகம் வரும். பூமி உருண்டை, கட்டங்கள் சதுரம். அளக்கும்போது வரும் மிச்சத்தையும் குறைவையும் டவுன்ஷிப்பின் வடக்கு ஓரத்திலும் மேற்கு ஓரத்திலும் தள்ளிவிடுவது விதி. அதனால் அந்த ஓரத் துண்டுகளில் 40 என்பது 37ஆகவோ 43ஆகவோ இருக்கும். ஆனால் உங்கள் துண்டு தென்மேற்குக் காலின் வடகிழக்கு மூலை. ஓரத்தில் இருந்து ஒரு துண்டு உள்ளே தள்ளி இருக்கிறது. முழு 40 ஏக்கர் கிடைத்திருக்கும். எழுதியவர் விவரம் தெரிந்தவர்.

அளந்தது குன்ட்டர் சங்கிலியால். 66 அடி, 100 லிங்க். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் லிங்க் கணக்குத்தான் பார்த்தேன். 80 சங்கிலி ஒரு மைல், 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். கிழக்குக் கடற்கரை மாநிலங்களின் பத்திரங்களில் இந்தக் கட்ட முறையே கிடையாது. ‘வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, இன்ன திசையில் இத்தனை சங்கிலி போய், ஓடையைத் தொட்டு’ என்று நம் ஊர் நான்கு எல்லை மாதிரி எழுதியிருப்பார்கள். படிக்க அதுதான் சுவை.

வண்டிப்பேட்டை எழுதியது:

ரயிலுக்கு அரசு கொடுத்த நிலம் எல்லாம் ஒற்றைப்படை எண் செக்‌ஷன்தானே? 18 இரட்டைப்படை. அப்போது இந்த நிலம் ரயில் கம்பெனியிடம் இருந்து வந்திருக்க முடியாது. வெறும் விவசாய நிலம், ஓரமாகப் பாதை போகிறது, அவ்வளவுதான்.

சங்கிலிக்காரர் எழுதியது:

மேற்கே பசிபிக் கடற்கரை வரை போட்ட ரயில்களுக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். 1862 ஜூலை 1 அன்று லிங்கன் ஒப்புதல் தந்த சட்டத்தில் ஒற்றைப்படைதான். பாதையின் இரு பக்கமும் மைலுக்கு 5 செக்‌ஷன் வீதம், 1864இல் அதை 10 ஆக்கினார்கள். இல்லினாய் சென்ட்ரல் அதற்கு முந்தியது. 1850 செப்டம்பர் சட்டம், மாநிலத்தின் வழியாகக் கம்பெனிக்குப் போன நிலம், கிட்டத்தட்ட 26 லட்சம் ஏக்கர். அதில் இரட்டைப்படை எண் செக்‌ஷன்கள் என்றுதான் எழுதியிருக்கிறது, பாதையின் இரு பக்கமும் ஆறு செக்‌ஷன் அகலத்துக்கு.

18ஆம் எண், பாதை அந்தத் துண்டையே தொட்டுப் போகிறது, 200 அடி நீங்கலாக. கம்பெனிக்கு முன்பே யாரும் வாங்கியிராவிட்டால் இது கம்பெனி விற்ற நிலமாகத்தான் இருக்கும். தம்பியின் கையில் இருப்பது இரண்டாவது அல்லது மூன்றாவது விற்பனை. தாய்ப்பத்திரம் தேடினால் கம்பெனியின் அறங்காவலர்கள் போட்ட பத்திரத்தில் போய் நிற்கும் என்பது என் ஊகம்.

வண்டிப்பேட்டை எழுதியது:

இரட்டைப்படை விஷயம் இப்போதுதான் கேள்விப்படுகிறேன் ஐயா. இது பெரிய திறவுகோல்.

இல்லினாய் சென்ட்ரல் பற்றி நானும் ஒன்று சேர்க்கிறேன். கம்பெனி பெரும்பாலும் கடனுக்கு விற்றது. முதலில் ஒப்பந்தம், பல வருடத் தவணை, முழுப் பணமும் கட்டிய பிறகுதான் பத்திரம். ஆகவே கம்பெனிப் பத்திரத்தின் தேதியை வைத்து ‘இந்தக் குடும்பம் இந்த வருடம்தான் வந்தது’ என்று முடிவுகட்டக் கூடாது. அதற்குச் சில வருடங்களுக்கு முன்பே உழுதுகொண்டிருப்பார்கள்.

நகர மனைகள் இன்னொரு கதை. நிலையங்களில் கம்பெனி ஊர் உருவாக்கக் கூடாது என்று அதன் அனுமதிப் பத்திரத்திலேயே தடை இருந்தது. கம்பெனியோடு தொடர்புள்ள சிலர் தனியாக ஒரு கூட்டு வைத்துக்கொண்டு 33 ஊர்களுக்கு மனை போட்டார்கள். எல்லா ஊருக்கும் ஒரே வரைபடம், குறுக்குத் தெருக்களுக்கு வால்நட், செஸ்ட்நட், ஓக் என்று மரப் பெயர்கள். அந்த மனைப் பத்திரங்களை ஊருக்கு ஒன்றாகச் சேர்க்க வேண்டும் என்பது என் ஆசை. வரிசையாக வைத்தால் ஓர் ஆளின் கையில் இருந்து ஊர் ஊராகப் பிறந்த கதை அப்படியே தெரியும்.

கோவைத்தம்பி எழுதியது:

நடுவில் புகுந்து கேட்கிறேன். அசல் பத்திரம் நம் கையில் இருந்தால் நிலத்துக்கு ஏதாவது பாத்தியதை வருமா? நம் ஊரில் மூலப் பத்திரம் காணாமல் போனால் எவ்வளவு அலைச்சல். அங்கே ஏலத்தில் விற்கிறார்களே?

அல்லி எழுதியது:

ஒரு பாத்தியதையும் வராது. பத்திரத்தைக் கவுண்டி அலுவலகத்தில் கொடுத்ததும் எழுத்தர் அதை முழுக்கப் பதிவுப் புத்தகத்தில் நகல் எடுத்துக்கொண்டு, அசலின் பின்பக்கம் புத்தக எண், பக்க எண், நேரம் எழுதி உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார். நம் சார்பதிவாளர் அலுவலகத்தில் நடந்த அதே நடைமுறைதான். அதற்குப்பின் உரிமை நிற்பது பதிவில். அசல் வெறும் காகிதமாகிவிடுகிறது. நிலம் கைமாறி, குடும்பம் கலைந்து, பெட்டியோடு விலைக்குப் போகும்.

நமக்கு முக்கியமானது இதன் இன்னொரு பக்கம். பதிவுப் புத்தகத்தில் இருக்கும் எல்லாப் பெயரும் எழுத்தரின் ஒரே கையில் எழுதியவை. உண்மையான கையெழுத்து, உண்மையான கீறல், அசலில் மட்டும்தான். அரசின் நிலப் பதிவுத் தளத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணப் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆராய்ச்சிக்கு அது தங்கச் சுரங்கம், ஆனால் அங்கே இருக்கும் பட்டாப் படங்களும் பதிவு நகல்களே.

செங்கல்சூளை, நீங்கள் சொன்ன அந்தப் பெருக்கல் குறிக்காக நான் அந்தப் பத்திரத்தை வாங்கிவிடுவேன். அதை ஒட்டி மாஜிஸ்திரேட் எழுதிய பத்தி இருக்குமே, படித்தீர்களா?

செங்கல்சூளை எழுதியது:

இப்போதுதான் பார்க்கிறேன் அக்கா. ‘மேற்படியாரின் மனைவியைக் கணவரிடமிருந்து தனியே அழைத்து விசாரித்ததில், பத்திரத்தின் பொருளை விளக்கியதில், தன் சொந்த விருப்பத்தோடும் கணவரின் கட்டாயம் இன்றியும் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாகச் சொன்னார்’ என்ற மாதிரி வருகிறது.

அல்லி எழுதியது:

அதேதான். கணவன் இறந்தால் அவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள் வரை அனுபவிக்க மனைவிக்கு உரிமை இருந்தது. அவள் விட்டுக்கொடுக்காமல் வாங்கியவருக்கு நிம்மதி இல்லை. அதனால் கணவனை வெளியே நிறுத்தி அவளைத் தனியாகக் கேட்க வேண்டும் என்று சட்டம். உள்ளபடியே தனியாகக் கேட்டார்களா, அச்சடித்த படிவத்தில் பேரை மட்டும் நிரப்பினார்களா என்பது வேறு விஷயம். ஆனாலும் அந்தக் காலத்தில் ஒரு குடியானவப் பெண்ணின் சொல்லை அரசுத் தாளில் பதித்த இடம் இதைவிட்டால் மிகக் குறைவு.

குறியை உருப்பெருக்கியில் பாருங்கள். பெயரை எழுத்தர் எழுதி, நடுவில் இடம் விட்டு, மேலே ‘அவளுடைய’ கீழே ‘குறி’ என்று போட்டிருப்பார். அந்த இடைவெளியில் இரண்டு கோடு. என்னிடம் இருக்கும் ஒன்றில் முதல் கோட்டை அழுத்தி இழுத்ததில் பேனா முள் பிளந்து இரட்டைத் தடமாகப் பதிந்திருக்கிறது. பேனா பிடித்துப் பழகாத கை. கோடு முடியும் இடத்தில் மை குளம் கட்டி, தாளின் மறுபக்கம் வரை கறை இறங்கியிருக்கிறது. பக்கத்திலேயே மாஜிஸ்திரேட்டின் சுழித்த கையெழுத்து. நான் அதிக நேரம் பார்ப்பது அந்தக் கோட்டைத்தான்.

ஸ்டாம்ப்ராஜன் எழுதியது:

ஸ்டாம்ப் பற்றி யாரும் பேசவில்லையே. போலியைப் பிடிக்க இதைப் போல் ஒரு சாட்சி கிடையாது.

உள்நாட்டுப் போர்ச் செலவுக்காக 1862 அக்டோபர் 1 முதல் பத்திரங்களுக்கு வருவாய் ஸ்டாம்ப் கட்டாயம். 1872 அக்டோபர் 1 அன்று பத்திரங்களுக்கான அந்த வரி போனது. ஆகவே நடுவில் உள்ள பத்து வருடத்துப் பத்திரத்தில் ஸ்டாம்ப் இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள், 1859 பத்திரத்தில் ஸ்டாம்ப் இருந்தால் இன்னும் சத்தமாகக் கேளுங்கள். உங்கள் 1867 பத்திரத்துக்கு 500 டாலருக்கு 50 சென்ட், மீதி 300க்கும் இன்னொரு 50 சென்ட். ஆக ஒரு டாலர் ஸ்டாம்ப் அல்லது 50 சென்ட்டில் இரண்டு. வாஷிங்டன் தலை இருக்கும். ஒட்டியவர் தன் பெயரின் முதலெழுத்துகளையும் தேதியையும் ஸ்டாம்ப் மேலேயே மையில் எழுதி ரத்து செய்ய வேண்டும். அந்தத் தேதி பத்திரத் தேதியோடு ஒத்துப்போகிறதா, மைக்கோடு ஸ்டாம்ப்பைத் தாண்டித் தாளிலும் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் ஸ்டாம்ப் அங்கேயே பிறந்து வளர்ந்தது. ஸ்டாம்ப்பை உரித்து விற்றுவிட்டு வேறொன்றை ஒட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

செங்கல்சூளை எழுதியது:

ஒரு டாலர் ஸ்டாம்ப் ஒன்று. தேதி ஒத்துப்போகிறது. கோடு தாளிலும் தெரிகிறது.

மைக்கூடு எழுதியது:

அப்படியென்றால் தாளையும் மையையும் பற்றிச் சுருக்கமாக. 1860கள் வரை பெரும்பாலும் கந்தல் துணிக் கூழில் செய்த தாள், இன்றும் உறுதியாக இருக்கும். மரக்கூழ்த் தாள் அதன்பிறகுதான் பரவியது, மடிப்பில் உடைந்து உதிரும். இரும்பு மை கருப்பாக எழுதி நாளடைவில் பழுப்பாகும், அழுத்தி எழுதிய இடத்தில் தாளையே அரிக்கும். புற ஊதா விளக்கில் தாள் நீலமாகப் பளிச்சிட்டால் அதில் 20ஆம் நூற்றாண்டு வெளுப்பான் கலந்திருக்கிறது, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். தட்டச்சில் நிரப்பிய 1868 பத்திரம் என்று யாராவது காட்டினால் சிரித்துவிட்டு வாருங்கள். ரெமிங்டன் தட்டச்சுப்பொறி விற்பனைக்கு வந்ததே 1874இல்.

வடகரை எழுதியது:

எல்லோரும் இவ்வளவு ஆசையாகப் பேசும்போது குறுக்கே வருவதாக நினைக்க வேண்டாம். அரசு ‘கொடுத்தது’, கம்பெனி ‘விற்றது’ என்கிறோம். அதற்கு முன் அந்த மண்ணில் இருந்தவர்கள் யார் என்று பத்திரம் சொல்வதில்லை.

கான்சாஸை எடுத்துக்கொள்ளுங்கள். டெலவேர் பழங்குடியினரைக் கிழக்கே இருந்து துரத்தித் துரத்தி அங்கே கொண்டுவந்து விட்டார்கள். 1860 ஒப்பந்தத்தில் ஆளுக்கு 80 ஏக்கர் பிரித்துக் கொடுத்துவிட்டு, மிச்ச நிலத்தை லெவன்வொர்த், பாணீ - வெஸ்டர்ன் என்ற ரயில் கம்பெனி ஏக்கர் குறைந்தது 1.25 டாலருக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். 1866இல் இன்னொரு ஒப்பந்தம். அந்த 80 ஏக்கரும் இன்னொரு ரயில் கம்பெனிக்குப் போக, மக்கள் ‘இந்தியப் பிரதேசம்’ என்று பழங்குடியினருக்கு ஒதுக்கிய, இன்றைய ஒக்லஹோமாப் பகுதிக்கு மறுபடி மூட்டை கட்டினார்கள். தெற்கு மாநிலங்களில் பல ரயில் பாதைகளை அடிமைகளின் உழைப்பால் போட்டார்கள். நிலப் பத்திரம் பதிவான அதே புத்தகத்தில் மனிதரை விற்ற பத்திரமும் பதிவாகியிருக்கிறது. இவற்றை ஆல்பத்தில் போட்டு அழகு பார்ப்பது சரியா?

அல்லி எழுதியது:

நியாயமான கேள்வி. அழகு பார்க்க என்றால் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் இந்தத் தாள்கள் அழிந்தால் நன்மை அடைவது யார் என்றும் யோசியுங்கள். ஒரு பழங்குடிக்காரர் குறி வைத்த பத்திரம், பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் சாட்சி, எத்தனை ஏக்கர், என்ன விலை, எந்தத் தேதி, எல்லாம் அதில் இருக்கிறது. பறித்தவர்களே தங்கள் கைப்பட எழுதிக் கொடுத்த ஆதாரம் அது. அப்படி ஒன்று என் கையில் வந்தால் நான் வைத்துக்கொள்ளமாட்டேன், அந்த மக்களின் காப்பகத்துக்குத் தெரிவிப்பேன். குறைந்தபட்சம் தெளிவான படமாவது அவர்களுக்குப் போக வேண்டும்.

வெள்ளைக் குடியானவர்களும் எப்போதும் கம்பெனியோடு சுமுகமாக இருந்துவிடவில்லை. கலிபோர்னியாவில் மசல் ஸ்லூ பகுதியில் ஏக்கர் 2.50 டாலரில் இருந்து விலை தொடங்கும் என்று சதர்ன் பசிபிக் விளம்பரம் செய்ததை நம்பிக் குடியேறிக் கால்வாய் வெட்டிப் பயிர் செய்தவர்களிடம், பிற்பாடு பல மடங்கு கேட்டது கம்பெனி. 1880 மே 11 அன்று துப்பாக்கிச் சூடு, 7 பேர் செத்தார்கள். அந்தப் பக்கத்துப் பத்திரத்தில் விலை எழுதிய வரியைப் படிக்கும்போது இது நினைவில் இருக்க வேண்டும்.

வடகரை எழுதியது:

இது சரி. வாங்குபவர் பத்திரத்தோடு வைக்கும் குறிப்பில் இதையெல்லாம் எழுதி வைத்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ‘அழகான பழைய எழுத்து’ என்று ஒரே வரியில் முடிப்பதுதான் உறுத்துகிறது.

வண்டிப்பேட்டை எழுதியது:

பணம் போன போக்கையும் பத்திரங்களில் படிக்கலாம். நார்தர்ன் பசிபிக் கம்பெனிக்கு 1864இல் கொடுத்த நிலம் எந்த ரயிலுக்கும் கொடுத்ததைவிட அதிகம். அதற்குக் கடன் பத்திரம் விற்றுக் கொடுத்த ஜே குக் வங்கி 1873 செப்டம்பரில் விழுந்தது, நாடே ஆட்டம் கண்டது. கடன் பத்திரத்தின் சந்தை மதிப்பு அதலபாதாளத்துக்குப் போனது. ஆனால் அதைக் கொடுத்துக் கம்பெனி நிலத்தை முழு மதிப்புக்கு வாங்கலாம் என்று ஏற்பாடு இருந்தது. கையில் செல்லாக்காசு போல் கடன் பத்திரம் வைத்திருந்தவர்கள் அதை டகோட்டாவில் ஆயிரக்கணக்கான ஏக்கராக மாற்றிக்கொண்டார்கள். சிவப்பாற்றுப் பள்ளத்தாக்கின் ராட்சசக் கோதுமைப் பண்ணைகள் அப்படித்தான் பிறந்தன. அந்தக் காலத்து டகோட்டாப் பத்திரத்தில் கொடுத்த விலையை ரொக்க விலை என்று நினைத்துவிடாதீர்கள்.

கோவைத்தம்பி எழுதியது:

நிலத்துக்குப் பாத்தியதை வராது என்றீர்கள். அப்போது இந்தப் பழைய பத்திரங்களுக்கு இன்று சட்டத்தில் ஒரு வேலையும் இல்லையா?

சங்கிலிக்காரர் எழுதியது:

இருக்கிறது. ரயிலுக்கு இடம் கொடுத்த பத்திரங்களில் சிலர் அந்தக் கீற்று நிலத்தையே விற்றார்கள், சிலர் வழி விடும் உரிமையை மட்டும் கொடுத்தார்கள். ரயில் நின்று தண்டவாளத்தைப் பிடுங்கும்போது இந்த வித்தியாசம் கிளம்பும். நிலத்தையே விற்றிருந்தால் அது கம்பெனியுடையது. வழி மட்டும் என்றால் பக்கத்து நிலத்துக்காரரிடம் திரும்பும். வயோமிங்கில் ஒரு குடும்பம் இதற்காக அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 2014இல் ஜெயித்தது. அங்கே தனியார் பத்திரம் இல்லை, 1875 சட்டத்தின்படி அரசு கொடுத்த பாதை. ஆனால் கேள்வி அதேதான். பழைய பாதைகளைச் சைக்கிள் தடமாக மாற்றும் ஊர்களில் எல்லாம் வக்கீல்கள் இந்தப் பத்திரங்களை ஒவ்வொரு சொல்லாகப் படிக்கிறார்கள்.

ஆரம்பத்திலேயே இந்தச் சண்டை உண்டு. மைக்கூடு சொன்ன அந்தக் கால்வாயும் ரயிலும் பொடோமாக் ஆற்றோரம் பாயிண்ட் ஆஃப் ராக்ஸ் என்ற குறுகலான இடத்தில் யாருக்கு முதல் உரிமை என்று மோதி, 1832 ஜனவரியில் மேரிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் கால்வாய்க்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது.

அல்லி எழுதியது:

வாங்குமுன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். ஓரத்தில் தையல் துளையோ கிழித்த தடமோ இருந்தால், பக்க எண் அச்சடித்திருந்தால், அது பதிவுப் புத்தகத்தில் இருந்து வந்ததாக இருக்கலாம். நீதிமன்றக் கட்டில் இருந்து வெளியேறிய தாள்களும் உண்டு. பொது ஆவணத்தை எத்தனை கை மாறியிருந்தாலும் அரசு திரும்பக் கேட்கலாம். சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட வில்லியம் ஹூப்பரின் கையெழுத்துள்ள 18ஆம் நூற்றாண்டுக் குற்றப்பத்திரிகைகளை ஒரு வணிகர் முறையாக ஏலத்தில்தான் வாங்கியிருந்தார். ஆனாலும் 1977இல் வட கரோலினா உச்ச நீதிமன்றம் அவை மாநிலத்துக்கே சொந்தம் என்றது. குடும்பப் பெட்டியில் இருந்து வந்த, பின்பக்கம் பதிவுக் குறிப்புள்ள மடித்த பத்திரத்தில் இந்தத் தலைவலி இல்லை.

செங்கல்சூளை எழுதியது:

1867 பத்திரம் எனக்கே வந்துவிட்டது! என்னைத் தவிர ஒருவர்தான் கேட்டார். லிங்கன் பட்டா நான் நினைத்ததைவிடப் பெரிய தொகைக்குப் போனது.

பத்திரம் நான்காக மடித்து வந்திருக்கிறது. மடிப்பு ஒன்று லேசாகப் பிரிகிறது. டேப் ஒட்டலாமா, லேமினேட் செய்யலாமா? பின்பக்கம் பதிவாளரின் குறிப்பு இருக்கிறது, புத்தக எண்ணும் பக்க எண்ணும் தெளிவாகத் தெரிகின்றன. அடுத்து என்ன செய்யட்டும்?

மைக்கூடு எழுதியது:

டேப் கூடாது, லேமினேஷன் கூடவே கூடாது, இஸ்திரிப் பெட்டியை எடுக்கவே வேண்டாம். மெதுவாக விரித்து, அமிலம் இல்லாத அட்டை பின்னால் வைத்து, பாலியெஸ்டர் உறையில் போடுங்கள். பிரியும் மடிப்பை ஜப்பானியத் தாளும் மாவுப் பசையும் வைத்து ஒட்டத் தெரிந்தவரிடம் கொடுங்கள். வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். மாட்ட ஆசையாக இருந்தால் நல்ல வண்ண நகல் ஒன்றை மாட்டுங்கள்.

சங்கிலிக்காரர் எழுதியது:

தம்பி, இல்லினாயிலேயே உள்ள ஓட்டாவா நகரத்தில் இருக்கிறது லாசால் கவுண்டி அலுவலகம். உங்களுக்கு ஒரு நாள் பயணம். அங்கே வாங்கியவர் பட்டியல் தனி, விற்றவர் பட்டியல் தனி. உங்கள் பத்திரத்தில் விற்றவரின் பெயரை வாங்கியவர் பட்டியலில் 1867இல் இருந்து பின்னோக்கித் தேடுங்கள். அவருக்கு நிலம் எப்போது, யாரிடம் இருந்து வந்தது என்று தெரியும். அப்புறம் அந்த ஆளின் பெயரை எடுத்துக்கொண்டு இதே மாதிரி இன்னும் பின்னால் போங்கள். கம்பெனி பெயர் வந்ததும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். ஏக்கர் என்ன விலைக்குக் கொடுத்தார்கள், அந்த 200 அடியை எப்படி எழுதினார்கள் என்று பார்ப்போம்.

அல்லி எழுதியது:

போகும்போது அந்த அம்மாவின் பெயரையும் தேடுங்கள். கணவன் விற்ற வேறு பத்திரங்கள் இருந்தால் அவற்றிலும் அவரைத் தனியே அழைத்துக் கேட்டிருப்பார்கள்.